தோற்றவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு முடிவு வந்தாலே முதலிடம் பிடித்தவரின் பேட்டி உங்கள் பத்திரிகையில் வந்துவிடும். எத்தனை மணி நேரம் படித்தார், எந்தப் புத்தகம், அம்மா காபி போட்டுக் கொடுத்தது எல்லாம் இருக்கும். நானும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு உதவியது அதுவல்ல, என்னுடைய தப்புகள்தான்.

துணை ஆட்சியர் ஆக வேண்டும் என்று படிப்பவள் நான். முதல் முறை முதல்நிலைத் தேர்விலேயே போய்விட்டது. வீட்டில் எல்லோரும் 'இன்னும் நல்லா படி' என்றார்கள், நானும் அதையே நம்பிப் புதிதாக நாலு புத்தகம் வாங்கிவிட்டு, அப்புறம் ஒருநாள் சும்மா பழைய வினாத்தாளை விடைக்குறிப்போடு வைத்துப் பார்த்தேன் (தேர்வு முடிந்து வந்ததுமே எதை நிரப்பினேன் என்று மறப்பதற்குள் குறித்து வைத்திருந்தேன்). 200 கேள்வியில் 71 தப்பு. அதில் நிஜமாகவே தெரியாதவை 28. இரண்டு விடைக்கு நடுவே தடுமாறியவை 24. மீதி 19-ம் தெரிந்த கேள்விகள்! 'தவறானது எது' என்று கேட்டிருக்க, முதலில் கண்ணில் பட்ட சரியான கூற்றை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். கூற்று, காரணம் கேள்விகளிலும் இரண்டும் சரி என்றதுமே நிறுத்தியிருக்கிறேன், அந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்று பார்க்கவே இல்லை. கேள்விக்கு ஒன்றரை என்றால் 28.5 மதிப்பெண். இதற்கு எந்தப் புத்தகத்தை வாங்குவது?

இப்போது 'தவறானது', 'பொருந்தாதது' என்று வந்தால் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் விடைகளைப் படிக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், இருக்கட்டும். அடுத்த முறை முதல்நிலை தாண்டியது.

முதன்மைத் தேர்வில் மறுபடி தோல்வி, அது வேறு வகை. தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில் பக்கம் பக்கமாக எழுதி, கடைசி இரண்டை வெறுமனே விட்டுவிட்டு வந்தேன். இப்போது சமையலறைக் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதிப் பழகுகிறேன்.

தோற்றவர் பேட்டியை யார் படிப்பார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் நூலக வாசிப்பறைக்குக் காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள், நாற்காலி கிடைக்காது. வாரம் ஒருவரிடம் 'எங்கே விட்டீர்கள்' என்று மட்டும் கேட்டுப் போடுங்கள். பெயர் வேண்டாம், படமும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை