கரிமூட்டப் புகையிலிருந்து காக்கக் கோரி மீண்டும் மனு

அனுப்புநர்: கரிமூட்டத் தொழிலாளர்கள், ஊர்ப் பொதுமக்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: புகையை எரிக்கும் பொதுக் கரிச்சூளை அமைத்துத் தருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நாங்கள். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடி எழுதுகிறோம். எங்கள் பகுதி தாங்கள் அறியாததல்ல. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிதான் சோறு.

1. விறகை அடுக்கி, வைக்கோல், தழை பரப்பி, மண் மூடித் தீ வைத்தால் மூட்டம் நாள் கணக்கில் புகையும். மார்கழி, தையில் அந்தப் புகை மேலே போவதில்லை. பொழுது சாய்ந்ததும் பனியோடு சேர்ந்து தெருவில் இறங்கிவிடும். கதவைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கில் நுழைகிறது. கைக்குழந்தைகள் விடிய விடிய இருமுகின்றன. மூட்டம் எங்காவது உள்வாங்கினால் உடனே மண் போட்டு அடைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் விறகெல்லாம் சாம்பல். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் மண்சட்டியோடு மேலே ஏறுவது எங்கள் வீட்டுப் பெண்கள். கால் புதைந்தால் உள்ளே தணல், ஐயா.

2. அந்தப் புகையே எரிபொருள்தான். நாங்கள் கேட்கும் சூளை இதுதான்: மூடிய இரும்புக் கலத்தில் விறகைச் சூடாக்கி, கிளம்பும் வாயுவைக் குழாய் வழியே அடியிலுள்ள அடுப்புக்குத் திருப்பினால் அங்கேயே எரிந்துவிடும். புகை வெகுவாகக் குறையும். அதே விறகுக்குக் கரியும் கூடுதலாகக் கிடைக்கும்.

3. கரிக்கு ஆகாத சிறு கட்டைகளை வாயுவாக்கி, இன்ஜின் ஓட்டி, ஊர்த் தண்ணீர் மோட்டாரை இயக்கலாம். இது அடுத்த கட்டம். முதலில் சூளை.

4. புகை என்று புகார் சொன்னால், தொழிலை நிறுத்து என்கிறார்கள். நிறுத்திவிட்டு எதைத் தின்பது? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலையை அகற்ற உத்தரவிட்டது. வெட்டினால் நல்ல காரியம், அதையே கரியாக்கினால் குற்றமா? நாங்கள் இலவசம் கேட்கவில்லை. மகளிர் குழுக்கள் தவணை கட்டத் தயார். புறம்போக்கில் கொஞ்சம் இடமும் ஒரு கடனும் கொடுங்கள். இதற்கு இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்?

5. பகலில் வந்து பார்த்துவிட்டுப் புகை இல்லை என்று எழுதிப் போகாதீர்கள். ராத்திரி வாருங்கள்.

அடுத்த மூட்ட சீசனுக்குள் ஒரே ஒரு பொதுச் சூளையாவது அமைத்துத் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள ஊர்ப் பொதுமக்கள்