தொப்பிக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

‘மேட் ஆஸ் எ ஹேட்டர்’ (தொப்பி செய்பவரைப் போலப் பைத்தியம்) என்ற தொடர் பாடத்தில் வந்தால், ‘சுத்தப் பைத்தியம்’ என்று பொருள் சொல்லி, ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையில் வரும் தொப்பிக்காரரைக் காட்டிவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அந்தக் கதை வெளிவந்தது 1865-இல். தொடரோ 1829-லேயே எடின்பரோவின் பிளாக்வுட்ஸ் இதழில் அச்சேறிவிட்டது. பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை தொப்பிப் பட்டறையில் இருக்கிறது.

முயல் ரோமத்தை வெறுமனே அமுக்கினால் தொப்பிக்கு வேண்டிய கெட்டியான ஃபெல்ட் (இழைகளை அமுக்கிச் செய்யும் துணி) ஆகாது. அதனால் அந்தக் காலத்தில் முயல் தோலின் மேல் பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசிக் காயவைப்பார்கள். ரோமத்தின் நுனி கேரட் நிறத்துக்கு மாறும். இழைகள் சொரசொரப்பாகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு வெந்நீரிலும் ஆவியிலும் பிசைந்து தொப்பியாக்குவார்கள். சூடு பட்டதும் பாதரசம் ஆவியாகிக் கிளம்பும். காற்றோட்டமில்லாத பட்டறையில் தொழிலாளர்கள் நாள் முழுக்க அதைத்தான் சுவாசித்தார்கள். கை நடுங்கும், எச்சில் வழியும், பல் ஆடும். அப்புறம் மனசு கெடும்: ஆளைக் கண்டாலே கூச்சம், சின்னப் பேச்சுக்கும் எரிச்சல், தூக்கமின்மை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மருத்துவர் ஃப்ரீமன் 1860-லேயே இந்த நோயைப் பதிவுசெய்தார். தொப்பிக்குப் பேர்போன டான்பரி என்ற அமெரிக்க ஊரில் அந்த நடுக்கத்துக்கு ‘டான்பரி ஷேக்ஸ்’ என்றே பெயர். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்கு முடிவுகட்டியது 1941-இல்தான். எண்பது வருஷம்! நோய் தெரிந்தும் வேலை நடந்தது.

தொடர் இந்த நோயிலிருந்துதான் பிறந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. கதையில் வரும் தொப்பிக்காரர் வாயாடி. பாதரசம் தாக்கியவரோ கூசி ஒதுங்குபவர். இதையும் மறைக்காமல் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் விவாதிக்கட்டும். தொழிலாளர் பட்ட பாட்டில் மட்டும் சந்தேகமே இல்லை.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது அம்பலமாகி, 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தரப்புக்குப் பணம் தர உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். இந்தத் தொடரை வெறும் சிரிப்புக்காக நடத்திவிடாதீர்கள். பத்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறையையும் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தந்தை