பாலம் நலமாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

பாலங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். அதிர்வு அளப்பது என் தொழில். நீங்கள் என்னைக் கூப்பிடுவதெல்லாம் பாலத்தில் விரிசல் விழுந்து, அதை யாரோ படம் எடுத்துப் பரப்பி, பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான். வருகிறேன், அளக்கிறேன், முதல் அதிர்வெண், அதாவது பாலம் தன்னியல்பில் விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற கணக்கு, 3.1 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, திறந்த அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒப்பிட ஆளில்லாத ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்?

சாரம் கட்ட வேண்டும், போக்குவரத்தை நிறுத்த வேண்டும், அதனால்தான் அளக்கவில்லை என்பீர்கள். பாலத்தைத் தொட்டு நின்று அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் காலத்தில் அது நியாயமான பேச்சு. பாலம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளக்க அதற்கு அடியில் அசையாத ஒரு புள்ளி வேண்டும், ஆற்றின் நடுவில் அதற்கு எங்கே போவது. வேகம் மாறும் விகிதத்தை அளக்கும் முடுக்கமானியை ஒட்டலாம்தான், ஆனால் ஏறி ஒட்ட வேண்டும், கேபிள் இழுக்க வேண்டும், அப்புறம் முடுக்கத்திலிருந்து இடப்பெயர்ச்சிக்கு வர இரண்டு முறை தொகையீடு செய்வதில் மெதுவான அசைவெல்லாம் கைநழுவிப் போய்விடும்.

லேசர் அதிர்வுமானிக்கு இந்தத் தொல்லை கிடையாது. கரையில் முக்காலியை நிறுத்தி ஒளியைப் பாலத்தின் அடிப்பக்கம் அடித்தால் போதும். அசையும் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் துளி மாறும், டாப்ளர் விளைவுதான். 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசர் என்றால், பாலம் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் அசையும்போது மாற்றம் ஏறத்தாழ 3,160 ஹெர்ட்ஸ். அந்த ஒளியின் சொந்த அதிர்வெண்ணோ சுமார் 474 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். இவ்வளவு பெரியதில் அவ்வளவு சிறியதைப் பிடிக்க, கருவிக்குள்ளேயே பிரித்து வைத்த இன்னொரு பங்கு ஒளியோடு திரும்பி வந்ததைக் கலக்கிறார்கள். இரண்டு தந்திகள் சுருதி லேசாக விலகினால் ஒரு விம்மல் கேட்குமே, அந்த விம்மலைத்தான் எண்ணுகிறோம். 1,550 நானோமீட்டர் அகச்சிவப்புக் கருவிகளில் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்துகூட வெறும் கான்கிரீட்டை அளக்கலாம். மேலே வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஓடினால்தான் எனக்கும் நல்லது, பாலத்தை ஆட்டிவிடுவதே அவைதானே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லமாட்டார்கள். லேசர் தன் பார்வைக்கோட்டில் நடக்கும் அசைவை மட்டுமே காணும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து அடித்தால் மேல்கீழ் அசைவில் பாதிதான் கையில் கிடைக்கும், கிடைமட்ட அசைவும் கூடவே கலந்து வரும். கனரக வண்டி போனால் தரை அதிரும், முக்காலியும் சேர்ந்து ஆடும், அதனால் கருவியின் மேலேயே ஒரு சென்சார் வைத்து அந்த ஆட்டத்தைக் கழிக்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல உட்காரும் தூணை இது காட்டாது, அதற்கு நில அளவையாளர்கள் தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்தான் சரி.

கண்ணால் பார்த்துச் சோதிப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். மெலிதாக வடிவமைத்த இணைப்புத் தகடுகள்தான் காரணம். அவை வளைந்திருப்பது 2003-இல் எடுத்த படங்களிலேயே தெரிந்தது. என் கருவி முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கும் என்று நான் பெருமை பேச மாட்டேன்.

இன்னொன்று, ஒரே ஒரு நாள் அளவு போதாது. பாலத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் தாங்கும் தன்மை, 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் சுமார் 5 சதவீதம்தான் இறங்கும், வெப்பநிலையே சில சதவீதம் விளையாடும். சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை 1998-இல் இடிப்பதற்கு முன் மாதக்கணக்கில் கண்காணித்தபோது, உறைபனிக் குளிரில் தார்ப்பரப்பு இறுகி அதிர்வெண் உயர்ந்ததைப் பார்த்தார்கள். குளிர் நாளில் அளந்ததை வெயில் நாளோடு ஒப்பிட்டு ஐயோ பாலம் பழுது என்று அலறுவதும் தப்பு, வெயில்தான் காரணம் என்று நிஜப் பழுதைத் தள்ளிவிடுவதும் தப்பு.

ஆகவே கேட்பது இதுதான். திறப்பதற்கு முன் சுமைச் சோதனை செய்கிறீர்களே, அன்றைக்கே லேசரையும் வையுங்கள். முதல் வருஷம் குளிரிலும் வெயிலிலும் இன்னும் சில முறை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாலங்களுக்கு இன்றைய அளவே தொடக்க அளவு, வேறு வழியில்லை. அறிக்கையோடு கச்சாத் தரவையும், அதாவது கருவி பதிந்த மூல எண்களையும், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு பாலத்தில் எனக்கு முன்னால் யாரோ அளந்த அறிக்கை கிடைத்தது, வண்ண வண்ணமாக வரைபடங்கள், ஆனால் கருவி எங்கே நின்றது, எந்தக் கோணம், அன்றைக்கு என்ன வெப்பநிலை என்று ஒரு வரி இல்லை. எனக்கு அது குப்பைதான். முக்காலி நின்ற இடத்தில் தரையில் ஓர் ஆணி அடித்து, அதைச் சுற்றிப் பெயின்ட் பூசி வையுங்கள், பத்து வருஷம் கழித்து வருகிறவர் அதே இடத்தில் நிற்கட்டும்.