ஜூலை 15 அன்று, வேலிக்கு வெளியே

அன்புள்ள மாப்ள,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன்; நேரில் பார்க்கும்போது திட்டித் தீர்த்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி உன் கோழிக்கிறுக்கலை அம்மாவே படிக்குமாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்வி வளர்ச்சி நாளன்று வழக்கம்போல காமராசர் படத்துக்கு மாலை போட்டு, பேச்சுப்போட்டி வைத்தோம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஐயா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்" என்று கணீரென்று பேசிக்கொண்டிருந்தான். தற்செயலாக நிமிர்ந்தால், வேலிக்கு வெளியே போன வருஷம் எங்களிடம் ஐந்தாவது முடித்த பிள்ளை நிற்கிறது. அதே சீருடைச் சட்டை. இடுப்பில் தம்பி, அந்தச் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டு. ஆறாவதில் சேரவில்லையாம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறது, சின்னவனைப் பார்க்க ஆளில்லை.

அதற்குமேல் எனக்கு விழாவில் மனசு ஒட்டவில்லை. 2006-இல் சட்டம் போட்டு இந்த நாளைக் கொண்டுவந்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினாரே, பசிக்குப் பயந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதானே? அந்தக் கோதுமை உப்புமா இல்லையென்றால் நீ ரெண்டாம் கிளாஸ் தாண்டியிருப்பாயா? நானும்தான். 2024-இல் இதே தேதியில்தான் காலை உணவைக் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் தட்டு விழுந்தது. அப்படி ஏதாவது நடந்தால்தான் மாப்ள அது அவர் நாள். மாலைக்கும் மிட்டாய்க்கும் பத்து நிமிஷம் போதும். மிச்சப் பொழுது முழுக்க, நின்றுபோன பிள்ளைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போக வேண்டும். அடுத்த வருஷம் எங்கள் பள்ளியில் அதுதான் விழா.

சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வெகுநேரம் தரையைப் பார்த்தபடியே இருந்தது. சின்னவனுக்கு ரெண்டு வயசு முடிந்துவிட்டதால் அங்கன்வாடியில் பேசி முடித்தேன். மறுநாள் மூத்த பிள்ளையைப் பக்கத்து ஊர் பள்ளிக்கு நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன். பெயர் எழுதி முடிகிற வரைக்கும் பிள்ளை என் சட்டை நுனியை விடவில்லை.

பள்ளி 3 கிலோமீட்டர். அரசு சைக்கிள் பதினொன்றாவதில்தான் கிடைக்கும். உன் மகளுடைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சும்மாதானே கிடக்கிறது? டயர் நான் மாற்றிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடு, ஸ்டாப்பில் நிற்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்