டிக் டிக் சத்தம் வந்தால் பவர் போர்டை வீசிவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வீடுகளில் டிவியும் சிசிடிவி அடாப்டரும் ஒரே மாதிரி மக்கர் செய்கின்றன. படம் ஓடும்போது கோளாறு இல்லை. ஸ்டேண்ட்பையில் விட்டால் டிக் டிக் என்று சத்தம், சிவப்பு விளக்கு மினுக்கல். உடனே "போர்டு போச்சு" என்று முழுப் போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்து வைக்கும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு கெப்பாசிட்டருக்காக ஏழைக் குடும்பம் இவ்வளவு செலவழிப்பது அநியாயம்.

முதலில் 12 வோல்ட் வெளியீட்டில் 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். அது 3 வாட் சுமை, அதாவது போர்டிலிருந்து மின்சாரத்தை இழுக்கும் வேலை. சத்தம் நின்றால், சுமை குறையும்போது மட்டும் வரும் கோளாறு என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விட்டுப் போர்டைக் கட்டுப்படுத்தும் சில்லான 3842 ஐசி 16 வோல்ட்டில் எழும், 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். சுமை இல்லாதபோது அது பல துடிப்புகளைத் தவிர்ப்பதால், அதற்குச் சோறு போடும், டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள துணைச் சுருளுக்கும் மின்சாரம் குறைகிறது. அந்த இடைவெளியைத் தாங்க வேண்டியது ஐசிக்கு மின்சாரம் வரும் 7ஆம் காலில் உள்ள சிறிய கெப்பாசிட்டர். ஐசி சுமார் 11 மில்லிஆம்பியர் இழுக்கும். நல்ல 22 மைக்ரோஃபாரட் 12 மில்லிவினாடி தாங்கும். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் பக்கத்தில், தகரக் கூரையின் வெக்கையில் வற்றி 5 மைக்ரோஃபாரட் ஆனால் 3 மில்லிவினாடிகூடத் தாங்காது. ஐசி அணையும், மறுபடி எழும். அதுதான் அந்த டிக் டிக். முள் மீட்டரை 7ஆம், 5ஆம் கால்களில் வைத்தால் முள் 10க்கும் 16க்கும் இடையே ஆடுவது கண்ணுக்குத் தெரியும். 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரி வகை போடுங்கள். 220 மைக்ரோஃபாரட் போட்டால் ஐசி எழுவதற்கே தாமதமாகும்.

முள் ஆடாமல் வெளியீடு மட்டும் ஆடினால், மின்னோட்டத்தை உணரும் 3ஆம் காலில் உள்ள 1 கிலோ ஓம், 470 பிக்கோஃபாரட் வடிகட்டியைப் பாருங்கள். கெப்பாசிட்டர் விரிசல் விட்டிருந்தால், சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் மின்சாரத்தைத் திறந்துவிடும் கணத்தில் எழும் மின்னோட்டக் கூர்முனையே துடிப்பைப் பாதியில் வெட்டிவிடும். அதற்காகப் பெரிய மதிப்பும் போடாதீர்கள். துடிப்பைக் குறைக்க முடியாமல் கோளாறு இன்னும் கூடும். வெளியீட்டின் குறுக்கே உள்ள சுமை ரெசிஸ்டரைச் சுற்றிப் போர்டு பழுப்பேறியிருந்தால் அதையும் அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம், அரை வாட் போதும்.

ஒன்று கண்டிப்பு: 240 வோல்ட் மின்சாரத்தில் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 340 வோல்ட் நிற்கும். போர்டைத் தொடுமுன் பிளக்கை உருவி, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் ஐந்தாறு வினாடி வடித்து, மீட்டரில் அளந்து பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் ஒரு கையால் மட்டும்.

புதிய ஐசிகள் சிலவற்றில் துடிப்பைக் கூட்டம் கூட்டமாக விடுவது வடிவமைப்பே. வெளியீடு ஆடாமல், லேசான முனகல் மட்டும் கேட்டால் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மின்னணு பழுதுபார்ப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்