பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் மடல்: பருவச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

கோத்தகிரி
நவம்பர்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மழையும் மூடுபனியுமாக இரண்டாம் பருவத்தில் பாதி ஓடிவிட்டது. காலாண்டுத் தேர்வில் பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. கழிப்பறைக் குழாயில் ஒருவழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு அட்டவணை டைரியில் வரும். சீருடை நிறத்தைத் தவிர வேறு நிற ஸ்வெட்டர் வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பாராட்டுகள்.

இனி நாடகத்துக்கு வருகிறேன்.

இந்தக் கல்வியாண்டில் மூன்று ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நம் பள்ளி அரங்கில் தமிழில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கோவைப் பக்கத்து நாடகக் குழு ஒன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து டெம்போவில் திரைச்சீலை, விளக்கு, பலகை எல்லாம் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்து, நம்மிடம் ஒரு பைசா வாங்காமல் போடுகிறார்கள். பெரிய வேடங்கள் அவர்களுடையவை, சின்ன வேடங்கள் நம் பிள்ளைகளுடையவை. ஜூலையில் ‘நடுவேனில் இரவுக் கனவு’ ஆயிற்று. நெசவாளியின் தோள்மேல் கழுதைத் தலை முளைத்தபோது அரங்கம் சிரித்த சிரிப்பு கீழே கடைவீதி வரை கேட்டதாகச் சொன்னார்கள். அக்டோபர் கடைசி வெள்ளியன்று ‘மேக்பெத்’. ஜனவரியில் ‘டெம்பஸ்ட்’.

“நம்ம தமிழ்ல நாடகமே இல்லையா சார், வெள்ளைக்காரன் நாடகம் எதுக்கு?” என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதே மேக்பெத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘மகபதி’ என்றும், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் தமிழ் மேடைக்கு எப்போதோ கொண்டுவந்துவிட்டார். அவர் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடக சபை 1891ஆம் ஆண்டினது. வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர், மேடையேறி வேடமும் கட்டினார். ஆகவே இந்த விருந்தாளி நம் வீட்டுக்குள் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நாம்தான் கொஞ்சம் மறந்துவிட்டோம்.

மேக்பெத் அன்று ஆரம்பம் அருமையாக இருந்தது. சூனியக்காரிகளின் கொப்பரையாக நம் சத்துணவுக் கூடத்து அண்டா நின்றது, அதிலிருந்து சாம்பிராணிப் புகை எழுந்தது. விருந்துக் காட்சியில் நம் பிள்ளைகள் பதினான்கு பேர் தட்டும் குவளையும் ஏந்திப் பணியாட்களாக வந்தார்கள். மேக்பெத் ஆளனுப்பிக் கொன்ற நண்பன் பாங்க்கோவின் ஆவி மேக்பெத்தின் நாற்காலியில் வந்து உட்கார, கையில் இருந்த தட்டு ஆடாமல் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆடவில்லை. நீங்களும் போனைத் தூக்கிப் படம் எடுத்தீர்கள். அதோடு இடைவேளை விட்டோம்.

இடைவேளைக்குப் பிறகுதான் நான் இந்தக் கடிதம் எழுதும்படி ஆனது.

கதை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிர்னாம் காடு உன் கோட்டை இருக்கும் டன்சினேன் குன்றை நோக்கி நடந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்று, அரசனைக் கொன்று அரியணை ஏறிய மேக்பெத்துக்குச் சொல்லப்படுகிறது. காடாவது நடப்பதாவது என்று அவன் நிம்மதியாக இருக்கிறான். எதிர்ப்படையினர் தங்கள் எண்ணிக்கை தெரியாமலிருக்க, ஆளுக்கொரு கிளையை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். காவலுக்கு நின்றவன் ஓடிவந்து, காடு நகர்ந்து வருகிறது என்கிறான். அந்த இடத்தில்தான் மேக்பெத்தின் முகம் மாற வேண்டும். நாடகம் முழுக்க அந்த நிமிடத்துக்காகவே ஏறி வருகிறது.

அந்தக் காடு, விருந்துக் காட்சியில் பணியாட்களாக வந்த அதே பதினான்கு பிள்ளைகள். பழுப்பு அங்கி போட்டு, பள்ளிக்குப் பின்னாலிருக்கும் கற்பூர மரத்துக் கிளையை ஆளுக்கொன்று பிடித்து, ஆறு வாரம் நடந்து பழகியிருந்தார்கள். காலடிச் சத்தம் ஒன்றுபோல் கேட்க வேண்டும் என்பதற்காக அதில் பாதி நாள் வெறுங்காலோடு பழகினார்கள்.

காட்சி நெருங்கும்போது பக்கத் திரைக்குப் பின்னால் ஐந்து பேர்தான் நின்றார்கள். குழுவின் இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்து, மிகவும் மெதுவாக, “சார், காடு எங்கே?” என்றார்.

காட்டில் ஒன்பது மரங்கள் அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தன.

மேடையில் காவலன் ஓடிவந்து, காடே கிளம்பி வருகிறது என்று கத்தினான். பின்னால் ஐந்து கிளைகள் வந்தன. அரங்கில் மீதியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேக்பெத்தாக நடித்தவர் சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றார். அப்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே, மேடையைக் கடந்ததும் பின்திரைக்குப் பின்னால் ஓடி, கீழே கிடந்த இன்னொரு கிளையை எடுத்துக்கொண்டு மறுபடி இந்தப் பக்கமிருந்து நுழைந்தாள். அவளைப் பார்த்து மற்ற நான்கு பேரும் அப்படியே செய்தார்கள். மூன்று சுற்று. ஐந்து பிள்ளைகள் ஓடி ஓடி ஒரு காட்டை ஒப்பேற்றிவிட்டார்கள். மூன்றாம் சுற்றில் யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஏழு மணிக்கு மேல் சோலூர்மட்டம், கூக்கல்தொரை பக்கம் பஸ் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊரில் இருக்கிற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மழை வேறு. காலையில் இலை எடுக்கப் போக வேண்டியவர்கள் பலர். பிள்ளையின் கட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தே பலரும் கிளம்பியிருக்கிறீர்கள். இடைவேளைக்குப் பிறகும் அவர்களுக்கு வேடம் உண்டு என்பதை எங்கள் சுற்றறிக்கையில் போடாதது எங்கள் தவறு. இன்னொன்று: நாடகம் முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் பேசினார், பொருளாளர் பேசினார், நானும் பேசினேன். என் பேச்சு பதினாறு நிமிடம் என்று உதவித் தலைமையாசிரியர் கடிகாரம் பார்த்துச் சொன்னார். உங்கள் பஸ்ஸை விட்டதில் அந்தப் பதினாறு நிமிடத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தை இப்படி விட்டுவிட முடியாது.

அன்று சிலர் மேடையின் பக்கவாட்டுக் கதவைத் தாங்களே திறந்து உள்ளே வந்து, வேடத்தில் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறீர்கள். பொறுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “இன்னும் ஒரே சீன்தான்பா” என்று அழுத பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனதாக அறிகிறேன். மூன்று பிள்ளைகளைக் காணோம் என்று எங்களுக்குத் தெரிந்தபோது மணி ஏழே கால். உள்ளே மேடையில் போர் நடக்கிறது. வெளியே நானும் வாட்ச்மேனும் இரண்டு ஆசிரியர்களும் டார்ச் எடுத்துக்கொண்டு மைதானத்திலும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிகிறோம். அந்த ஓரத்தில் காட்டெருமை நிற்காத வாரமில்லை. கரடி நடமாட்டம் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கடைசிப் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று போனில் கேட்கிறவரை இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை இன்னொரு முறை அனுபவிக்க எனக்கு விருப்பமில்லை.

வேடம் கட்டிய பிள்ளை, வேடம் கலைத்துப் பொறுப்பாசிரியர் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும்வரை, என் பொறுப்பு. அதற்கு முன் தாயோ தந்தையோ தாத்தாவோ யார் வந்தாலும் பக்கவாட்டுக் கதவு திறக்காது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் காரணமாகாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை, நிர்வாகக் குழுவினரின் வீட்டுப் பிள்ளைகள் உட்பட.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் பொறுமை எனக்குத் தெரியும். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி வரை நடந்து போய், கூட்டத்தில் நின்று, தரிசனம் முடித்துத்தான் திரும்புகிறவர்கள் நீங்கள். சாமி காரியத்தை நாடகத்தோடு வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மனசிருந்தால் கடைசிவரை இருப்பவர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வழியும் யோசித்திருக்கிறோம். ஷேக்ஸ்பியர் காலத்தில், 1599இல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கில், நாடகம் பிற்பகலில்தான் நடந்தது. நடுமுற்றத்துக்குக் கூரை கிடையாது, மின்விளக்கும் கிடையாது, ஆகவே சூரியன்தான் விளக்கு. ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்றபடியே பார்த்தவர்கள் கொட்டையும் பழமும் தின்றுகொண்டு, பிடிக்காவிட்டால் சத்தம் போட்டுக்கொண்டு இருந்தார்கள் என்கிறார்கள். நம் அரங்கின் முறுக்குப் பொட்டலச் சத்தம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த ஏற்பாட்டையே நாமும் எடுத்துக்கொள்கிறோம். ‘டெம்பஸ்ட்’ பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்குச் சரியாகத் தொடங்கும். உரைகள் கிடையாது, என்னுடையதும் சேர்த்து. நாலரைக்குள் முடிந்துவிடும். பனி இறங்குவதற்குள் எல்லாரும் வீடு சேரலாம். இலை எடை போடும் நேரம் என்று சொல்வீர்கள். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும்.

கடைசிவரை இருக்க முடியாத நிலை யாருக்காவது இருந்தால், இப்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்க மாட்டோம். அந்தப் பிள்ளைக்கு முதல் காட்சியில், கப்பல் உடையும் புயலில், நீலத் துணியை அலையாக ஆட்டும் வேலை கொடுப்போம். உண்மையில் பிள்ளைகள் சண்டை போடுவதே அந்த வேலைக்குத்தான்.

முடிந்தவர்கள் இருங்கள் என்று நான் குறிப்பாக இந்த நாடகத்துக்குக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டெம்பஸ்டின் முடிவில், நாடுகடத்தப்பட்டுத் தீவில் வாழ்ந்த பிராஸ்பெரோ தன் மந்திரத்தையெல்லாம் விட்டுவிட்டு மேடையில் தனியாக வந்து நிற்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, உங்கள் கைதட்டல்தான் என் கட்டை அவிழ்த்து என்னை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறான். காலி நாற்காலிகளைப் பார்த்து ஒருவர் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்று மேக்பெத் முடிந்தபோது நான் நினைத்துப் பார்த்தேன். இருநூறு நாற்காலியில் முப்பத்தொரு பேர் இருந்தீர்கள். அந்த முப்பத்தொரு பேரும் எழுந்து நின்று தட்டினீர்கள். குழுவினர் சாமான் ஏற்றி முடிக்கும்வரை இருந்து பலகை தூக்கிக் கொடுத்த அரவேணுப் பெற்றோருக்கும், நனைந்து நின்ற நடிகர்களுக்குப் பால் ஊற்றாத சூடான டீ போட்டுக் கொடுத்த சத்துணவு அம்மாவுக்கும், கிளை வெட்டிக் கொடுத்த தோட்டத்துக்காரருக்கும் பள்ளியின் சார்பில் என் நன்றி. முதல் பாதிவரை மழையில் வந்து உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் நன்றி. வந்ததே பெரிய விஷயம், அதை நான் மறக்கவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: வீட்டுக்குப் போன ஒன்பது மரங்களின் பழுப்பு அங்கிகளில் இதுவரை நான்குதான் திரும்பி வந்திருக்கின்றன. அவை நாடகக் குழுவினுடையவை. மற்ற ஐந்தையும் வரும் திங்களன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், சாயம் போகிறதாம்.