கேஷுவால்டி வாசலில் ஒரு பலகை

நெடுஞ்சாலை ஓரத்தில் மருத்துவமனை நடத்தும் உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். 2022 சித்திரை வெயிலில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பைக்கில் போகும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தும் அதன் பின்னங்காலில் இடித்து, நானும் விழுந்தேன். தலையில் காயம், தோள்பட்டை எலும்பு முறிவு. எத்தனையோ வண்டிகள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

ஓடி வந்தவர் சாலையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர். தன் துண்டால் என் தலையை இறுக்கிக் கட்டினார். கடையை அப்படியே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவை மறித்து என்னை ஏற்றினார். "தூங்கிடாத தம்பி, பேசிக்கிட்டே வா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மருத்துவமனை வாசலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நீதான் இடிச்சியா?" அடுத்து பேர், ஊர், போன் நம்பர். அப்புறம், "அட்வான்ஸ் யாரு கட்டுறது? போலீஸ் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு." ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. துண்டு மட்டும் என் தலையில் இருந்தது.

தோள் சரியானதும், ஆடி மாதம், அவரைத் தேடிப் போனேன். சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டாராம். பக்கத்து டீக்கடை அக்காதான் மீதியைச் சொன்னார். அன்று சாயங்காலமே திரும்பி வந்து, அந்த நாயைப் புளியமரத்தடியில் சாக்கில் கிடத்தி, வெட்டிய இளநீர் ஓட்டில் தண்ணீர் வைத்தாராம். நான்கு நாள் பார்த்துக்கொண்டாராம். நாய் நொண்டியபடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் இனிமே போக மாட்டேன்னு சொல்லிட்டு இருந்தாருப்பா" என்றார் அக்கா.

அந்த வார்த்தைக்காகத்தான் இந்த மடல். முன்பின் தெரியாத மனிதனுக்கும் தெருநாய்க்கும் ஒரே மாதிரி ஓடியவரை, ஒரு வாசலில் கேட்ட சில கேள்விகள் தடுத்துவிட்டன. அடுத்து அங்கே விழுபவனுக்கு அவர் வேண்டுமே.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது; அவருக்கு யாரும் சொல்லவில்லை. உதவ வந்தவரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவற்றைக் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. இப்படி உதவுபவரைச் சட்டம் 'குட் சமாரிட்டன்' என்கிறது. அவர் விரும்பினால் ஒழிய, பெயரையோ முகவரியையோ சொல்லும்படி போலீஸ் உட்பட யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவராகவே சாட்சி சொல்ல முன்வந்தாலும், போலீஸ்தான் அவருக்கு வசதியான இடத்துக்குச் சாதாரண உடையில் போய் விசாரிக்க வேண்டும்.

இந்த உரிமைகளைத் தமிழிலும் எழுதி, அரசு, தனியார் என்ற வித்தியாசமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் வாசலிலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும் என்பது 2020 விதி. சமீபத்தில் நான் போன எந்த மருத்துவமனையிலும் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. பில் கவுன்டரில் எந்தெந்த கார்டு வாங்குவீர்கள் என்ற அறிவிப்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

பணம் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காகத்தானே 2021 டிசம்பரில் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது? பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. போலீஸ் கேஸ் என்ற தயக்கத்துக்கும் 1989-லேயே பதில் வந்துவிட்டது. காயம்பட்ட ஸ்கூட்டர்காரரை ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்து, 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றுக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்தார். பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கு அதிலிருந்து வந்ததுதான். முதலில் உயிர், மற்றதெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனவே பலகையை மாட்டுங்கள். உள்ளே வரவேற்பறையில் வேண்டாம்; ஆட்டோ வந்து நிற்கும் இடத்தில், இரவிலும் தெரிகிற மாதிரி வையுங்கள். நைட் டியூட்டி செக்யூரிட்டிக்கு அதைப் படித்துக் காட்டுங்கள், முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வருகிறது. கீழே ஒரு வரி கால்நடை அவசர உதவி எண் 1962-ஐயும் எழுதுங்கள். இதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அந்த எண் தெரிந்திருந்தால் பெரியவர் அதையும் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்.

துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த சீசனுக்கு அவர் வந்தால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது உங்கள் வாசலைக் காட்டி, "இனிமே தாராளமா வரலாம் ஐயா" என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
நீங்கள் தையல் போட்ட ஒருவன்